ஒரு தே தாரேக் நேரம்

கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் ஹீட்டர் இருக்கிறது. சுடுநீர் இறங்கும் செம்புக் குழாயின் மூட்டு ஒன்று போன மாதம் கசிய ஆரம்பித்தது. "இதுக்குப் போய் ஆளா?" என்று அப்பா கேஸ் டார்ச்சோடு ஏறிவிட்டார். எவ்வளவு சூடு காட்டியும் சால்டர் கம்பி உருகவில்லை. பக்கத்து மரச்சட்டம்தான் கருகியது. நல்லவேளை, அம்மாவுக்குப் புகை வாசனை வந்துவிட்டது.

மறுநாள் வந்த பிளம்பர் அங்கிள் கருகின இடத்தைத் தடவிப் பார்த்து, "குழாய்ல தண்ணி நின்னுச்சா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். நின்றது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாதாம். ஈயம் கலந்த கம்பி உருகவே 180க்கு மேல் வேண்டும்; ஈயமில்லாததற்கு 220க்கும் மேல். அப்பாவின் கம்பி பழைய ரேடியோவைப் பழுதுபார்க்க வாங்கியது, ஈயம் கலந்தது. "நாம புழங்குற தண்ணிக்கு இது ஆகாது" என்று அதை ஓரமாக வைத்தார்.

தண்ணீரை அடைத்து, கீழே பைப்பைத் திறந்து, சொட்டில்லாமல் வடித்தார். நீராவி வெளியேற அந்த பைப் திறந்தே கிடந்தது. பழைய மூட்டை வெட்டி எடுத்தார். பிறகு பாதி நேரம் தேய்ப்பதிலேயே போனது. குழாய் முனையும் புது மூட்டின் உட்புறமும் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தார். நான் ஆசையாகத் தொடப்போனேன். கையைத் தட்டிவிட்டார். விரல் எண்ணெய் பட்டால் சால்டர் ஒட்டாது. ஃபிளக்ஸ் மெல்லிசாக ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

மரத்துக்கும் குழாய்க்கும் நடுவே தீ தாங்கும் விரிப்பு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். அதற்கப்புறம்தான் நெருப்பு. இவர் மூட்டைச் சுட்டார். நெருப்புக்கு எதிர்ப்பக்கம் கம்பியை வைத்ததும் அது உருகி, இடுக்குக்குள் தானாக உறிஞ்சப்பட்டுச் சுற்றிலும் ஓடியது. ஆறும்வரை ஆட்டக்கூடாது. மூன்று விநாடி மௌனம் வந்தாலே ஸ்டூடியோவில் பதறுகிற எனக்கு அது பெரிய தண்டனை. ஆறியதும் மிச்ச ஃபிளக்ஸை ஈரத்துணியால் துடைத்தார். விட்டால் செம்பை அரிக்குமாம்.

கணக்கு முடிக்கலாம் என்று அப்பா பர்ஸை எடுத்தார். அங்கிள் வாங்கவில்லை, தே தாரேக் கேட்டார். மரம் உள்ளுக்குள் கனிந்து, ஆள் போன பிறகு பிடிக்கும் என்றார். அரை மணி நேரம் கதவோரம் உட்கார்ந்து, மறுபடி ஏறி, சட்டத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து இறங்கினார். அப்புறம்தான் பணம்.