பிள்ளை கையில் ஒரு ரப்பர்க் கட்டை

பித்தானை அழுத்தினால் பாடும் பொம்மை எதையும் என் பாலர் பள்ளிக்குள் நான் விடுவதில்லை. ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் நடக்கும் சின்னப் பள்ளி அது. பிறந்த நாளுக்கு வந்த பொம்மையைக் காட்ட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசையாகத் தூக்கி வருவார்கள். வாசலிலேயே வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகும்போது திருப்பிக் கொடுப்பேன். சில பெற்றோருக்கு இது பிடிப்பதில்லை. "டீச்சர், அது ஏபிசி சொல்லிக் குடுக்குது, நெறம் சொல்லிக் குடுக்குது. நூத்தி இருபது வெள்ளி போட்டு வாங்கியிருக்கோம்" என்று ஒரு தகப்பனார் மனம் நொந்து கேட்டார். வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாடுகிற பொம்மை எல்லா வேலையையும் தானே செய்துவிடுகிறது. பாடுவதும் அது, விளக்குப் போடுவதும் அது, "சரியான விடை" என்று பாராட்டுவதும் அது. பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு விரலால் அழுத்துகிற வேலை மட்டும். அதே பிள்ளைக்கு நாலு மரக்கட்டையைக் கொடுத்துப் பாருங்கள். என் வகுப்பில் ஒரே கட்டை காலையில் பட்டர்வொர்த் போகிற ஃபெரியாக இருக்கும். பசியாறிவிட்டு வந்தால் அதுவே கோம்தார் கட்டடத்தின் மேல்மாடி. தைப்பூசம் முடிந்த வாரத்தில் எல்லாக் கட்டைகளும் தேராகிவிடும். நூல் கட்டி ஒருவன் இழுப்பான், ஒருத்தி முன்னால் ஓடி இல்லாத தேங்காயை உடைப்பாள், இன்னொருவன் தண்ணீர்ப் பந்தல் போட்டு எல்லாருக்கும் மோர் ஊற்றுவான். கட்டைக்குப் பேசத் தெரியாததால்தான் அவர்கள் அத்தனை பேசுகிறார்கள்.

நம்மவர்கள் இதை எப்போதோ கவனித்திருக்கிறார்கள். குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் தும்பிசேர் கீரனார், தச்சன் செய்து கொடுத்த சின்னக் குதிரை வண்டியைக் காட்டுகிறார். ஏறிப் போக முடியாத வண்டி. ஆனாலும் பிள்ளைகள் அதைக் கையால் இழுத்தே மகிழ்கிறார்கள். இழுக்கிற கையில்தான் இன்பம் இருக்கிறது என்று கண்ட அந்தப் புலவரை நான் பெரிய குழந்தையியல் அறிஞராகவே மதிக்கிறேன்.

இந்தக் காலத்துச் சான்று வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் அன்னா சோசா, 10 முதல் 16 மாதம் வரையுள்ள குழந்தைகளும் பெற்றோருமாக 26 இணைகளின் பேச்சை அவரவர் வீட்டிலேயே பதிவு செய்து ஆராய்ந்தார். ஆய்வு 2015 டிசம்பரில் வெளிவந்தது. மின்னணுப் பொம்மை நடுவில் இருந்தபோது தாய் தகப்பனின் பேச்சு குறைந்தது. குழந்தையின் மழலைக்கு அவர்கள் மறுமொழி சொல்வதும் குறைந்தது. படப் புத்தகமோ மரக்கட்டை போன்ற சாதாரணப் பொம்மையோ இருந்தபோது பேச்சு கூடியது. பொம்மை பேசினால் வீட்டார் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதுதான் இதன் சாரம். பினாங்கில் பிள்ளைக்குத் தமிழ் வரவில்லையே என்று கவலைப்படுகிற குடும்பங்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். அந்தப் பொம்மை பேசுகிற மொழி எது என்று உங்களுக்கே தெரியும்.

என் பள்ளியில் இருப்பவை ரப்பர்க் கட்டைகள். மேசை நாற்காலி செய்யும் பட்டறை ஒன்றில் மிஞ்சுகிற துண்டுகளைக் கேட்டு வாங்கி, கூர்முனை போகத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். வெளுத்த மஞ்சள் நிறம், கையில் எடுத்தால் நல்ல கனம். இந்த மரத்தோடு எனக்கு உறவு உண்டு. செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா இருட்டோடு எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போவார். அம்மா மங்கு துடைத்துப் பால் எடுக்கப் போவார். இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தைச் சாய்த்துவிட்டுக் கன்று வைப்பார்கள். அந்தக் காலத்தில் சாய்த்த மரத்துக்கு மதிப்பே கிடையாது. மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும்தான் போகும். போரான் உப்பில் ஊற வைத்துச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களிலிருந்து, அதே மரம் மலேசியாவின் பெரிய ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது.

பொம்மையாக அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது நமக்கு வடக்கே தாய்லாந்தில் இருக்கும் திராங் மாகாணம். பிளான்டாய்ஸ் என்ற தாய்லாந்து நிறுவனம் 1981இல் தொடங்கியது. பால் வற்றிய ரப்பர் மரத்தில் அங்கே பொம்மை செய்கிறது. அந்தத் திராங்கிற்கு ரப்பரைக் கொண்டு சேர்த்தவர் யார் தெரியுமா? பினாங்கில் வேரூன்றிய காவ் குடும்பத்தின் காவ் சிம் பீ. அங்கே ஆளுநராக இருந்தவர். 1899 வாக்கில் திராங்கின் கந்தாங்கில் வைத்த மரத்தைத் தாய்லாந்தின் முதல் ரப்பர் மரம் என்று இன்றும் காட்டுகிறார்கள். காவ் சிம் பீ 1913இல் சுடப்பட்டு, பினாங்கில் உயிர் விட்டார். அவர் பரப்பிய மரம் இன்று பேரங்காடிகளின் கண்ணாடி அலமாரியில் குழந்தைப் பொம்மையாக உட்கார்ந்திருக்கிறது. எங்கள் அப்பா அம்மாவின் உழைப்பால் வளர்ந்த மரத்தின் இனம் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

விலைதான் உறுத்துகிறது. நல்ல மரப் பொம்மை ஒரு தொகுப்பு நூறு வெள்ளியைச் சுலபமாகத் தாண்டும். தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் பார்க்கிற தாயிடம் "இயற்கைப் பொம்மை வாங்குங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லத் தேவையும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் கடையில் வாங்கியது கொஞ்சம். காய் வெடிக்கிற பருவத்தில் ரப்பர்க் கொட்டை பொறுக்குவோம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் கையால் ஓங்கி அடித்தால் எது உடையாமல் நிற்கிறதோ அதற்குரியவன் ராஜா. ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்தோம். தரையில் அடித்தால் லயத்துக் கூரைக்கு மேல் எகிறும். மலாய்ச் சிநேகிதிகளின் சொங்காக்கும் எங்கள் பாட்டியின் பல்லாங்குழியும் ஏறக்குறைய ஒரே ஆட்டம். அவர்களுடைய பத்து செரம்பானும் எங்கள் அஞ்சாங்கல்லும் அப்படித்தான். தேங்காய்ச் சிரட்டை இரண்டில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, அதன் மேல் ஏறி நின்று கயிற்றைப் பிடித்தபடி டொக் டொக்கென்று நடப்போம். இன்றைக்கு உடற்பயிற்சி வல்லுநர்கள் உடல் சமநிலை என்று சொல்லிக் காசு வாங்கும் பயிற்சி அதில் முழுக்க இருந்தது.

பழையது எல்லாம் நல்லது, மரம் என்றாலே பத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. இதில் தாய்மார்கள் கவனமாக இருக்க வேண்டும். அஞ்சாங்கல்லுக்கு நாம் பொறுக்கும் சிவப்பு ஆனைக்குன்றிமணி ஒன்று; கறுப்புக் கண் வைத்த குன்றிமணி வேறு. பின்னது கொடிய நஞ்சு, மென்றால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ரப்பர்க் கொட்டை, புளியங்கொட்டை, சோழி எதுவும் கூடாது. எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். அதைவிடப் பெரிய பகை பூச்சு. பளபளக்கும் மஞ்சளும் சிவப்பும் கொடுப்பதற்கு ஈயம் கலந்த நிறமிகளைப் பல நாடுகளில் நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். குழந்தையின் உடல், பெரியவர் உடலைவிட நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை. 2007இல் மாட்டெல் போன்ற உலகப் பெரு நிறுவனமே ஈயப் பூச்சுக்காக இலட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. நம் ஊரில் எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் பல்லாண்டு தலைமை தாங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், 2016இல் வீட்டுக்குப் பூசும் எனாமல் சாயங்களைச் சோதிக்க வைத்து, பலவற்றில் ஈயம் மிகுந்திருப்பதை வெளிப்படுத்தியது. அவர் 2019இல் மறைந்தார். அவர் எழுப்பிய கேள்வியை நாம் கடையில் கேட்க வேண்டும்: இதன் மேல் பூசியிருப்பது என்ன?

மலேசியாவில் பொம்மைக்கான பாதுகாப்புத் தர விதிகள் 2009இல் வந்தன. அந்தத் தரத்துக்கு உட்பட்ட பொம்மைக்கு எம்சி என்ற குறி உண்டு. பெட்டியில் அந்தக் குறியைத் தேடுங்கள், வயது வரம்பைப் படியுங்கள், மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். மூக்கில் ஏறுகிற நெடி அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 1999இலேயே, வாயில் வைக்கிற பொம்மைகளில் தடை செய்யத் தொடங்கிவிட்டது. இரவுச் சந்தையில் குறியில்லாமல் குவிந்து கிடக்கும் வாத்துப் பொம்மையில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது.

எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 36 சின்னப் பிள்ளைகளை ஒரு தடவை 4 பொம்மையோடும் இன்னொரு தடவை 16 பொம்மையோடும் விளையாட விட்டார்கள். நாலு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள், விதவிதமாக விளையாடினார்கள். அதனால் பெட்டியில் இருப்பதை எல்லாம் ஒரே நாளில் தரையில் கொட்டாதீர்கள். கொஞ்சத்தை வெளியே வைத்துவிட்டு மிச்சத்தை மேலே ஏற்றுங்கள். பதினைந்து நாள் கழித்து மாற்றுங்கள். செலவில்லாத வழி இது.

உடைந்த பொம்மை எங்கே போகிறது என்பதையும் பினாங்குக்காரர்கள் நினைக்கத்தான் வேண்டும். பிளாஸ்டிக், கம்பி, பேட்டரி, திருகாணி எல்லாம் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும் சாமானை மறுசுழற்சிக்காரர் தொடமாட்டார். தீவின் குப்பை பத்து மாவுங் வழியாக அக்கரைக்குப் போய்ப் புலாவ் புரோங்கில் சேர்கிறது. அந்தக் குப்பைமேடு 2022 ஜனவரியில் தீப்பற்றி எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2020 ஜனவரியில், அன்றைய அமைச்சர் இயோ பீ யின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் நின்றுகொண்டு, 150 கொள்கலன் பிளாஸ்டிக் குப்பையை அனுப்பிய நாடுகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டதாக அறிவித்தார். அன்று நாம் எல்லாரும் கைதட்டினோம். நம் வீட்டிலிருந்து போவதைத் திருப்பி அனுப்ப இடமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு பெற்றோர் கேட்பார்: "டீச்சர், வெளையாட எடம் எங்க இருக்கு?" நியாயமான கேள்வி. ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு பிறந்ததோடு முடிவுக்கு வந்தது. கடைவீடுகளில் தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்கள் வெளியேறின. ஐந்தடி நடையில் கோலி உருட்டிய பிள்ளைகளும் அவர்களோடு போய்விட்டார்கள். ஆர்மீனியன் தெருச் சுவரில் எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படம் பிடிக்க உலகமே வருகிறது; அதே தெருவில் உயிருள்ள பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பார்ப்பது அரிது. அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களுக்கு லிஃப்டும் கைப்பேசியும்தான் மிச்சம். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பத்தடிக்குப் பத்தடி மணல் தொட்டி ஒன்று கேட்டு வாங்குவது குடியிருப்போர் சங்கத்தால் முடிகிற காரியம். மணலும் ஒரு சிரட்டையும் போதும். அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு வேறு பொம்மை வேண்டாம்.

நம் ஆட்களிடம் இரண்டு கோரிக்கை. லெபோ பாசார், லெபோ குயீன் வியாபாரிகளே, தமிழ்நாட்டிலிருந்து பட்டும் குத்துவிளக்கும் கொண்டுவருகிறீர்கள். அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமானும் கர்நாடகத்துச் சன்னபட்டணத்து அரக்குப் பொம்மையும் கொண்டுவாருங்கள். கடைசலில் சுற்றும் மரத்தின் சூட்டிலேயே அரக்கு உருகிப் படிகிற வேலை அது. என்ன சாயம் சேர்த்தார்கள் என்று செய்தவரிடம் கேட்டு, அதைப் பெட்டியில் எழுதி வையுங்கள். வாங்க நாங்கள் இருக்கிறோம்.

இரண்டாவது கோரிக்கை பள்ளிகளுக்கு. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். வருடத்தில் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கி அவர்களைப் பாலர் வகுப்புக்கு அழையுங்கள். அடுத்த தைப்பூசத்தில் தண்ணீர்மலைச் சாலையில் உடைபடும் தேங்காயில் நாலு மூட்டைச் சிரட்டை எடுத்து வைத்தால் போதும், சிரட்டை நடை செய்யவும் ஓலைக் காற்றாடி மடிக்கவும் அவர்களே கற்றுக்கொடுப்பார்கள். சிரட்டையைக் கழுவித் தேய்த்துத் தர நான் வருகிறேன். கூப்பிடுங்கள்.