ஊட்டி வேண்டாம், வண்டலூரிலிருந்து நடப்போம்!

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் கல்லூரி கேன்டீனில் ஒரே பேச்சுதான். "மச்சான், இந்த வருஷம் டூர் எங்கடா?" ஊட்டி என்பான் ஒருவன், கொடைக்கானல் என்பான் இன்னொருவன், மூணாறு என்று மூன்றாவது கோஷ்டி கிளம்பும். கடைசியில் பஸ் ஏறி, ராத்திரி முழுக்க ஆட்டம் போட்டு, விடிந்ததும் தூக்கம் வழியும் கண்களோடு ஒரு ஏரியையும் ஒரு பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். தலைக்கு ஆகும் செலவோ, வீட்டிலே கேட்கவே கூச்சமாக இருக்கிற தொகை. அதைக் கட்ட முடியாமல் "எனக்கு உடம்பு சரியில்லைடா" என்று ஒதுங்கிக்கொள்ளும் நண்பர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலு பேராவது உண்டு. அவர்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பது நமக்கும் தெரியும்!

டூரே கூடாது என்று சொல்ல வரவில்லை நான். மாணவர் பேரவை அடுத்த ஆண்டு ஒரு நாள் நடைப்பயணம் ஒன்றை நடத்த வேண்டும், அதன் திட்டத்தை முழுக்க முழுக்க மாணவர்களே போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதற்கு மலைவாசஸ்தலம் எதற்கு? தாம்பரத்தைச் சுற்றியே காடு இருக்கிறது, குன்று இருக்கிறது, ஏரி இருக்கிறது, காலை வாட்டி எடுக்கும் தூரமும் இருக்கிறது.

"தாம்பரத்துல காடா?" என்று சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 1937இல் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியபோது அது வந்து இறங்கிய இடமே சேலையூர்க் காட்டு நிலம்தான். இன்றைக்கும் அந்த வளாகத்தின் பெரும்பகுதி புதர்க்காடு. வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை ஒட்டிக் காப்புக்காடு நிற்கிறது. மேடவாக்கம் பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு, சுமார் 320 ஹெக்டேர். அங்கே கைவிடப்பட்ட பழைய கல்குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. களா, காரை, நுணா, சூரை முள், நடுநடுவே பனை... மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு மாதிரி இராது. நிழல் கம்மி, முள் ஜாஸ்தி. நம்ம ஊர்க் காடு இப்படித்தான்.

இன்னொரு விஷயம், குறிப்பாக சிவில் பிரிவு நண்பர்களுக்கு. சர்வே வகுப்பில் செயினையும் டேப்பையும் தூக்கிக்கொண்டு மைதானத்தை நாலு சுற்று வந்ததுமே "சார், வெயில் தாங்கல" என்கிறோம். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் என்ற அதிகாரி, பரங்கிமலைப் பக்கமிருந்து பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நூறடி எஃகுச் சங்கிலி. நானூறு தடவை அதை எடுத்து வைத்து, வெப்பத்தில் சங்கிலி எவ்வளவு நீள்கிறது என்று தெர்மாமீட்டர் பார்த்துப் பார்த்துக் கழித்து, மே மாத வெயிலிலும் வேலை நடந்தது. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அந்தக் கோடுதான் தொடக்கம். பிற்பாடு எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் அந்த அளவை வழியாகத்தான். பல்லாவரத்திலோ, 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் சரளைக் குழியிலிருந்து பழைய கற்காலக் கல் ஆயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சியே அந்த ஒரு கல்லிலிருந்துதான் சூடு பிடித்தது. இரண்டு பேருமே இந்த மண்ணில் காலால் நடந்தவர்கள். நாம் தினமும் மின்சார ரயிலில் அதே இடத்தைத் தாண்டிப் போகிறோம், செல்போனைப் பார்த்துக்கொண்டே!

சரி, எந்த வழி? என் யோசனை இது. காலை ஆறு மணிக்கு வண்டலூர் ரயில் நிலையம். அங்கிருந்து கிழக்கே காப்புக்காட்டின் ஓரமாக ஊர்ச்சாலையில் நெடுங்குன்றம், பிறகு அகரம்தென், மாடம்பாக்கம். மாடம்பாக்கத்தில் தேனுபுரீஸ்வரர் கோயில். சோழர் காலத்தது, யானையின் முதுகைப்போல் வளைந்த தூங்கானை மாட விமானம். பத்து மணிக்குள் சேர்ந்துவிட்டால் நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம், நிழலில் கட்டுச்சோறும் சாப்பிடலாம். அதன் பிறகுதான் என் கணக்கில் பயணத்தின் உயிர்நாடி. செம்பாக்கம் ஏரி, நன்மங்கலம் ஏரி, கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி, பள்ளிக்கரணை. இந்த வரிசையை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. தண்ணீர் போகும் வரிசையே அதுதான்! ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு; கடைசியில் சதுப்புநிலத்துக்கு; அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கி. மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் என்று பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்குகிறோம். நேரில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகில் ஆட்களை மீட்டார்களே, அது ரயில் பாதைக்கு மேற்கே, அடையாற்றுத் தண்ணீர். கிழக்கே விழும் மழை பள்ளிக்கரணைக்குப் போகிறது. இந்த வித்தியாசம் தெரியாமலே இந்த வட்டாரத்தில் வீட்டு பிளான் வரையப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! செம்பாக்கத்திலிருந்து கால்வாயைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஓரிடத்தில் கால்வாய் இருக்கும், அடுத்த திருப்பத்தில் காம்பவுண்டு சுவர் இருக்கும், அதற்கப்பால் சாக்கடையாக மறுபடி தலைகாட்டும். இதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. பள்ளிக்கரணைக்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது, சுமார் 1,247 ஹெக்டேர். பூநாரை வந்தால் பத்திரிகையில் படம் வருகிறது. அதன் பக்கத்திலேயே பல்லாண்டு காலம் நகரத்தின் குப்பையைக் கொட்டினோம் என்பதையும் அந்தக் கரையில் நின்றுதான் உணர முடியும்.

தூரம் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேலே வரும். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போ ஷீட் கிடைக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். நூலை வளைத்து வைத்து நீங்களே அளந்து பாருங்கள். செல்போனில் வழி பார்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: போன் சாலையைக் காட்டும். ஏரிக்கரை எது, மேடு எது, பள்ளம் எது என்பதை டோப்போ ஷீட்தான் காட்டும். இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: மணிக்கு மூன்று மைல், இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு ஒரு மணி கூடுதல். அது அவர் ஊர்க் குளிருக்குச் சரி. இங்கே குன்றுகள் சின்னவை, ஏற்றம் பிரச்சினை இல்லை, வெயில்தான் மலை. மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வையுங்கள். நடைக்கு ஒன்பது மணி நேரம், உட்கார்ந்து எழ இரண்டு மணி நேரம். ஆறு மணிக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குத்தான் வேளச்சேரி ரயில் நிலையம். ஆகவே தை மாதம்தான் ஏற்றது. பங்குனி, சித்திரை கூடவே கூடாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தொப்பி, மூடிய ஷூ. ஹவாய் செருப்போடு வருகிறவரை ஸ்டேஷனிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும், அவர் பேரவைத் தலைவராகவே இருந்தாலும்!

விளையாட்டில்லை நண்பர்களே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேறப் போன இளைஞர்கள், நிறையப் பெண்கள். காய்ந்த புல், கோடைக் காற்று, ஓட வழியில்லாத சரிவு. அதற்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டு வந்தது. 2024இல் வனத்துறையே நாற்பது பாதைகளைக் குறித்து, வழிகாட்டியோடு கூட்டிப்போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதனால் சொல்கிறேன், காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் ஒரு அடிகூட வைக்கக்கூடாது. அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். முதல்வர் கையெழுத்தோடு வனத்துறைக்குக் கடிதம் கொடுத்துக் கேட்போம், கொடுத்தால் நன்மங்கலத்துக்குள் போவோம். கொடுக்காவிட்டால் ஓரத்துச் சாலையிலேயே நடப்போம். "வேலி கிழிஞ்சிருக்கு மச்சி, ஷார்ட் கட்" என்று ஒருவன் கிளம்புவான். அவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

கல்குவாரிக் குட்டை இன்னொன்று. பச்சைத் தண்ணீரைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றும். படித்துறை கிடையாது, கரை செங்குத்து, இரண்டாவது அடியிலேயே ஆழம். இந்தப் புறநகர்க் குட்டைகளில் மாணவர்கள் மூழ்கிய செய்தி எத்தனை முறை பேப்பரில் வந்துவிட்டது! குளியல் கிடையாது என்பதை அறிவிப்புப் பலகையிலேயே போட்டுவிட வேண்டும். பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, கட்டுப் போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து 108, நேராக அரசு மருத்துவமனை. எந்த இடத்திலிருந்து எந்த மருத்துவமனை பக்கம், எந்த பஸ் நிறுத்தத்தில் வெளியேறலாம் என்பதை வரைபடத்தில் சிவப்பு மையால் முன்பே குறித்து வைக்க வேண்டும். புறநகர் நடையின் சௌகரியமே இதுதான், முடியாதவர் எந்த இடத்திலும் ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

நம் மாணவிகளைப் பற்றியும் பேச வேண்டும். "பொண்ணுங்களால முடியாதுப்பா" என்று ஒரு குரல் கேட்கும். முடியும். முடியாமல் செய்வது திட்டமில்லாத ஏற்பாடுதான். பதினோரு மணி நேரத்தில் கழிப்பறை எங்கே எங்கே என்று ஆண்கள் எழுதும் திட்டத்தில் ஒரு வரி இராது. அதை மாணவிகளே எழுதட்டும். கூட வர ஒரு மேடம், வீட்டில் காட்ட முறையான கடிதம், இருட்டுவதற்கு முன் ரயில். வேகத்தைத் தீர்மானிப்பவர் முன்னால் போகிறவர் அல்ல, கடைசியில் வருகிறவர். நாற்பது பேருக்கு மேல் ஒரே கூட்டமாகப் போவதும் வேண்டாம். ஊர்த்தெருவில் அது ஊர்வலமாகிவிடும், தெருநாய்களும் விடாது.

பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. டிசம்பர் செமஸ்டர் தேர்வு முடிந்ததும் நாலு பேரை, அதில் இரண்டு பேர் மாணவிகள், முன்னோட்டமாக இந்த வழியை நடந்துவர அனுப்புங்கள். எங்கே குழாய் இருக்கிறது, எந்தக் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், எந்த ஏரிக்கரை மழையில் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று குறித்து வரட்டும். செலவு, மின்சார ரயில் டிக்கெட்டும் எட்டு டீயும் எட்டு வடையும். அந்தக் கணக்கைப் பொருளாளர் ஒப்புக்கொள்ள மறுத்தால், அந்த வடைக்காசை நானே தருகிறேன்.

— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்