மிஷின் ஓட்ட ஆள் இருக்கு... நின்னா பார்க்க ஆள் எங்கே? தவிக்கும் கோவை தொழிற்சாலைகள்

கோவை: நூல் மில். ராத்திரி ஷிப்ட், மணி இரண்டரை. ஆட்டோகோனர் மிஷினில் வரிசையாக சிவப்பு விளக்கு எரிகிறது. அறுந்த நூலை தானாகவே இணைக்க வேண்டிய மிஷின், இணைக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறது. எலக்ட்ரீஷியனை கூப்பிடுகிறார்கள். கரண்ட் சரியாத்தான் வருது, நம்ம பக்கம் ஒண்ணும் இல்லை என்று அவர் ஒதுங்குகிறார். அடுத்து பிட்டர். பெல்ட், பேரிங் எல்லாம் ஓ.கே., இது எலக்ட்ரானிக்ஸ் சமாச்சாரம் என்று அவரும் கையை விரிக்கிறார்.

கடைசியில் பார்த்தால், காற்றுக் குழாயில் தண்ணீர் கோர்த்திருக்கிறது. கம்ப்ரசரில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் வால்வு அடைத்துக் கொண்டதுதான் காரணம். ஆட்டோகோனரில் நூலை இணைப்பதே அழுத்தமான காற்றுதான். அந்த காற்று ஈரமாகவோ, அழுத்தம் குறைந்தோ வந்தால் இணைப்பு நிற்காது. பத்து நிமிஷ வேலை. ஆனால் அதை கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்து விடும்.

மில் ஏரியாக்களில் இந்த மாதிரி சம்பவம் புதுசு இல்லை. ஆள் கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் புலம்புவது ஊரறிந்த விஷயம். எந்த ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் கேள்வி. மிஷின் ஓட்ட ஒடிசா, பீகாரில் இருந்து இளைஞர்கள் வந்து கொண்டுதான் இருக்கிறார்கள். சில வாரத்தில் வேலையை கற்றும் கொள்கிறார்கள். நின்றுபோன மிஷினுக்கு முன்னால் நின்று, ஏன் நின்றது என்று யோசிக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

இரண்டு பேர்... இரண்டு சான்றிதழ்!

நாட்டில் ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டம் 1950-ல் தொடங்கியது. பிட்டர் தனி, எலக்ட்ரீஷியன் தனி, டர்னர் தனி என்று அன்றைக்கு பிரித்தார்கள். அன்றைய மிஷினுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரு மோட்டார், ஒரு பெல்ட், நாலு பல்சக்கரம்... அவ்வளவுதான். மோட்டார் வரைக்கும் ஒருவர், அதற்கு மேல் இன்னொருவர்.

1937-லேயே இந்தியாவின் முதல் மின் மோட்டாரை தயாரித்த ஊர் இது. மோட்டாரை பிரித்து, காயில் கட்டி, மறுபடி பூட்டுகிற பட்டறைகள் தெருவுக்கு தெரு முளைத்த ஊர். அந்த பட்டறைகளில் எலக்ட்ரிகல், மெக்கானிகல் என்ற பேச்சே கிடையாது. பையன் எல்லாத்தையும் பார்ப்பான், எல்லாத்தையும் தொடுவான். அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டான் என்பதும் உண்மை. அதை யாரும் பெருமையாக சொல்ல வேண்டியது இல்லை.

இன்றைய மிஷினில் மோட்டார், பேரிங் இருக்கு. கூடவே காற்று சிலிண்டர், சென்சார், டிரைவ், பி.எல்.சி. என்று எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கு. கோளாறு வரும்போது இது பிட்டர் கோளாறா, எலக்ட்ரீஷியன் கோளாறா என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்து இரண்டு வருஷம் படித்து வெளியே வரும் பையன் கையில் இருப்பது ஏதாவது ஒரு சான்றிதழ்தான்.

பாடத்திட்டத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. பிட்டர் இரண்டாம் ஆண்டு பாடத்தில் ஏர் சிலிண்டர், ஹைட்ராலிக்ஸ், மிஷினை பிரித்து பூட்டுவது எல்லாம் உண்டு. எலக்ட்ரீஷியனுக்கு பேனல் வயரிங், டிரைவ் உண்டு. மிஷின் பராமரிப்புக்கு என்றே தனி டிரேடு கூட இருக்கிறது. பெயர் 'மெக்கானிக் மெஷின் டூல் மெயின்டனன்ஸ்'. சேர்க்கைக்கு வரும் எத்தனை பேர் இதை விரும்பி கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கெட்டுப்போகாத மிஷின்

2022-ல் தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரூ.2 ஆயிரத்து 877 கோடியில் நவீனமாக்கும் திட்டம் அது. ரோபோ, நவீன சி.என்.சி., மின்சார வாகனம் என்று புது டிரேடுகள் வந்தன. அடுத்து மத்திய அரசும் நாடு முழுவதும் ஆயிரம் அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்த, ரூ.60 ஆயிரம் கோடி திட்டத்தை 2025 அக்டோபரில் தொடங்கியது.

துருப்பிடித்த லேத்தையே கட்டிக்கொண்டு அழுத காலத்தை பார்த்தவர்களுக்கு இது பெரிய மாற்றம்தான். மறுக்க முடியாது. ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கு. பல லட்சம் விலையுள்ள புது மிஷினை மாணவன் ஓட்டிப் பார்க்கலாம். மூடியை கழற்ற விடுவார்களா? கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம் வாத்தியாருக்கும் இருக்கும். அப்புறம் பழுது பார்க்க எங்கே பழகுவது?

ஒரு சின்ன பேரிங்கை எடுத்துக் கொள்ளுங்கள். ஷாப்ட்டில் மாட்டும்போது உள் வளையத்தில்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். வெளி வளையத்தில் சுத்தியலால் தட்டினால், அந்த அடி குண்டுகள் வழியாக போய் ஓடுபாதையில் பள்ளம் விழும். கண்ணுக்கு தெரியாது. சூடாக்கி மாட்டுவது என்றால் 110 டிகிரி அளவோடு நிறுத்த வேண்டும். கேஸ் கட்டரை வைத்து காய்ச்சினால் பேரிங்கின் ஆயுசு அன்றைக்கே முடிந்தது. கிரீஸ் கம்மியானாலும் கெடும். பாசத்தோடு அள்ளி அப்பினாலும் சூடேறி கெடும். இதை படித்து எழுதினால் மார்க் வரும். ஆனால் இருபது பேரிங்கை வீணாக்கி கற்றவனுக்குத்தான் கை வரும்.

அதற்கு கோடிகள் வேண்டாம். எடைக்கு போடும் பழைய மிஷின்கள் நாலு போதும். வாத்தியார் ராத்திரி ஒரு வயரை உருவி விடட்டும், ஒரு காற்றுக் குழாயை தளர்த்தி விடட்டும், சென்சார் மேல் பஞ்சை ஒட்டி விடட்டும். காலையில் பிட்டர் பையனும் எலக்ட்ரீஷியன் பையனும் ஜோடியாக வந்து கண்டுபிடிக்கட்டும். இப்படி வேண்டுமென்றே கோளாறு வைத்து பழக்குவது தொழிற்பயிற்சியில் புது யோசனை ஒன்றும் இல்லை. கெட்டுப்போன மிஷினுக்கு திறப்பு விழா நடத்த முடியாது என்பதுதான் அதன் ஒரே குறை!

முதலாளிகள் பக்கம் பார்த்தால்...

மீதி பயிற்சி தொழிற்சாலையில் கிடைக்க வேண்டும். 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் அதற்காக வந்ததுதான். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆட்களில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும் என்று 2019-ல் விதி திருத்தப்பட்டது. குறைந்தபட்ச உதவித்தொகையும் படிப்புக்கு தகுந்தபடி மாதம் 5 ஆயிரம் முதல் 9 ஆயிரம் வரை என்று அப்போது உயர்ந்தது.

எடுக்கிறார்கள். ஆனால் பல இடங்களில் அந்த பையனை நேராக புரொடக்‌ஷனில் நிறுத்தி விடுகிறார்கள். குறைந்த செலவில் ஒரு ஆபரேட்டர்! மிஷினை முழுசாக திறந்து பார்ப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு பையனுக்கு லீவு. ஒரு வருஷம் அதே மிஷின் பக்கத்தில் நின்றவன், அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சான்றிதழோடு போகிறான்.

கற்றுக் கொடுத்தால் துபாய், சிங்கப்பூர், ஸ்ரீபெரும்புதூர் என்று பறந்து விடுகிறான் என்பது முதலாளிகளின் குற்றச்சாட்டு. பாதி உண்மை. ஆபரேட்டருக்கும் மெயின்டனன்ஸ் ஆளுக்கும் ஏறத்தாழ ஒரே சம்பளம் கொடுத்தால், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்து ஓடுகிறவன் எதற்காக தங்குவான்? அதே மில், சென்னையில் இருந்தோ பெங்களூருவில் இருந்தோ சர்வீஸ் இன்ஜினியர் வந்தால் டிக்கெட், ரூம், சாப்பாடு, பீஸ் எல்லாம் பேரம் பேசாமல் கொடுக்கிறது.

ஸ்விட்ச்சை யார் போட்டது?

பணம் நஷ்டம் ஆனால் சம்பாதித்து விடலாம். மிஷின் ஓடும்போது இருக்கும் ஆபத்தை விட, நிறுத்தி திறந்திருக்கும் போதும் மறுபடி ஓட விடும் போதும் உள்ள ஆபத்து பெரிது. நெய்வேலி 2-வது அனல் மின் நிலையத்தில் 2020 ஜூலை 1-ந்தேதி பாய்லர் வெடித்து, அன்றே 6 பேர் பலியானார்கள். நின்றிருந்த யூனிட்டை மறுபடி இயக்க தயார் செய்து கொண்டிருந்த நேரம் அது.

கோவை பவுண்டரிகளில் இண்டக்‌ஷன் பர்னஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பயம் தெரியும். உலையை சுற்றியிருக்கும் செம்புக் காயிலுக்குள் தண்ணீர் ஓடுகிறது. உள்பூச்சு தேய்ந்து, உருகிய இரும்பு காயிலை தொட்டால் தண்ணீரும் இரும்பும் சந்தித்து வெடிக்கும். அதற்கு முன்பே எச்சரிக்க அலாரம் இருக்கு. சும்மா சும்மா அடிக்குது என்று அதை துண்டித்து விட்டு ஓட்டுகிறவர், அது ஏன் அடிக்கிறது என்று பழகாதவர்.

ஓடும் மிஷினை சோதிக்க தனிப்பயிற்சி பெற்ற, இறுக்கமான உடை அணிந்த, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட ஆள்தான் போக வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலை சட்டத்தின் 22-வது பிரிவு சொன்னது. வயது வந்த ஆண் என்றும் சொன்னது. பெண்ணும் ஸ்பேனர் பிடிப்பாள் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை போலும். 2025 நவம்பர் 21-ல் அந்த சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்பு சட்டம் வந்து விட்டது. சட்டம் மாறினாலும், ஒருவர் உள்ளே கை வைத்திருக்கும்போது இன்னொருவர் வெளியே ஸ்விட்ச் போடுவதை தடுக்க, மெயின் ஸ்விட்ச்சுக்கு ஒரு பூட்டு வேண்டும். வேலை செய்கிறவர் பாக்கெட்டில் அதன் சாவி இருக்க வேண்டும். இரண்டும் சேர்த்து சில நூறு ரூபாய்.

ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு பையனையோ பெண்ணையோ அழைத்துப் போகும் பெற்றோர் பஸ் பாஸ், உதவித்தொகை, ஹாஸ்டல் பற்றி விசாரிப்பது வழக்கம். கூடவே ஒர்க்‌ஷாப்பை ஒரு சுற்று பார்க்க வேண்டும். பிரித்துப் போட்ட மிஷின் எத்தனை கிடக்கிறது என்று எண்ணலாம். அந்த பூட்டு எங்கே மாட்டியிருக்கிறது என்றும் கேட்கலாம்.