வீடும் வேலையும்

2020 மார்ச்சு 13 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இனி வாசிப்பும் எழுத்தும் பெருகும் என்று யாம் உள்ளூர மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி ஒரு கிழமையும் நிலைக்கவில்லை. திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளிக்கும் திருக்கடலூர் மீனவருக்கும் தொழிலை வீட்டுக்குக் கொணரும் வழியே இல்லை. கொணர வல்ல எமக்கோ, கொணர்ந்ததை வைக்க இடமில்லை.

கைபேசியிற் பாடந் தொடங்கினால் அடுக்களையில் தேங்காய் துருவும் ஒலி, படலையில், "மாஸ்டர், வீட்டிலதானே நிக்கிறீங்கள்?" என்னுங் குரல். வீட்டிலிருப்பவன் சும்மா இருப்பவன் என்பது எம்மவர் துணிபு!

2022 யூன் மாதம் எரிபொருளின்றி மீண்டும் வீட்டிலிருந்து பணிபுரிய நேர்ந்தபோது ஓர் ஏற்பாடு செய்தோம். காலை 8 மணிக்குச் சட்டை அணிந்து விறாந்தை மூலையில் மேசைமுன் அமர்வோம். 11 மணிவரை வீட்டார் எம்மைக் கல்லூரிக்குச் சென்றவராகவே கொள்வர். நாள் முழுதும் முடியாத வேலை அம்மூன்று மணிநேரத்தில் முடிந்தது. ஆயின் அவ்வமைதியை ஈந்த எம் மனைவியாரும் ஆசிரியையே. அவருக்கு அத்தகைய மூலையை எவரும் அளித்திலர். பிந்தியே உணர்ந்தோம். 11 மணிக்குமேல் மேசை அவருக்கு, அடுக்களை எமக்கு என்றாயிற்று. (சமையலின் தரம் பற்றி இங்கு எழுதோம்.)

கல்லூரியிற் கற்பித்துக்கொண்டே 1887 இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்கும் ஏடு ஒப்புநோக்க உடனிருந்தோர் இருந்தனர். எம் மாணாக்கர் பலருக்கோ ஒரே அறை, ஒரே கைபேசி, உடன்பிறந்தார் மூவர். அவர்களைக் கவனமற்றவர் என்று கடிந்தோமே, அது தகுமா? விழா வளைவுக்குப் பொருள் சேர்க்கும் பழைய மாணவர், அப்பொருளைக் கல்லூரி நூலகத்தின் மின்கட்டணத்துக்கும் காவலாளி ஊதியத்துக்கும் தருவாராயின், மாலை 6 முதல் 9 வரை அதனைத் திறந்து வைக்கலாம். மேற்பார்வைக்கு யாம் முறைவைத்து வருவோம்.