பாரத்தை நிலமே சுமக்கட்டும்

வீட்டின் பின்புறத்துக் கொட்டிலிலே கடைசல் இயந்திரமும் துளையிடும் இயந்திரமும் வைத்துத் தொழில் செய்வோர் நம்மிடையே பலர் உளர். இயந்திரத்துக்கு விலை பேசும்போது அவர் காட்டும் கவனத்திற் காற்பங்கையேனும், அதனை வண்டியிலிருந்து கொட்டிலுக்குக் கொண்டுசேர்க்கும் வகையிற் காட்டுவோர் சிலரே. “நாலு பேர் பிடித்தால் முடிந்துவிடும்” என்பது வழக்கமான பேச்சு. அந்த நாலு பேரில் ஒருவன் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பையனாயிருப்பான்.

நாலு பேர் பிடித்தாற் பாரம் நாலாகப் பங்கிடப்படும் என்பது கணக்குக் கொப்பிக்கே பொருந்தும். கடைசல் இயந்திரத்தின் தலைப்பக்கத்திலே சுழல்தண்டும் பற்சில்லுகளும் செறிந்திருப்பதால், மறுபக்கத்தினும் அது மிகக் கனமானது. அப்பக்கம் நிற்பவர் கையிலேயே பெரும்பங்கு விழும். அவர் கால் இடறினால் என்ன ஆகுமென்று சொல்ல வேண்டியதில்லை.

ஆதலால் தூக்குதலை விட்டு நகர்த்துதலையே நாடவேண்டும். நம் வீடுகளிற் குழி தோண்டும் அலவாங்கு இதற்கு உற்ற துணை. அச்சொல் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தது. அவர் மொழியில் அதற்கு நெம்புகோல் என்பதே பொருள். 60 அங்குல நீளமுள்ள அலவாங்கின் நுனியை இயந்திரத்தின் அடியிற் செருகி, நுனியிலிருந்து 4 அங்குலத்தில் உறுதியான மரக்கட்டையொன்றைத் தாங்கியாக வைப்போம். மறுபுறம் 56 அங்குலம். அதாவது 14 மடங்கு. 20 கிலோ பாரத்துக்குச் சமமாக ஒருவர் அழுத்தினால் 280 கிலோ எழும். கை 14 அங்குலம் இறங்கும்போது இயந்திரம் 1 அங்குலமே எழும் என்பது உண்மைதான், அவ்வளவும் போதும். எழுந்த இடத்தில் உடனே பலகைத்துண்டு வைத்துவிடுக. அதனைத் தடியொன்றினாலே தள்ளவேண்டும். கை அடியிற் போகலாகாது.

அதன்பின் ஒரே பருமனுள்ள இரும்புக்குழாய்கள் மூன்று நான்கை உருளைகளாக இடுக. உருளை 1 அடி நகர்வதற்குள் மேலுள்ள பாரம் 2 அடி நகர்ந்துவிடும். எனவே பின்னே நழுவி வரும் குழாயை எடுத்து முன்னே வைத்துக்கொண்டே போகவேண்டும். மாணவர்கள் இதனை மேசைமேல் உருண்டைப் பென்சில்களையும் புத்தகத்தையும் வைத்து அளந்து பார்க்கலாம். வழி சரிவாயிருந்தால், கயிற்றைத் தென்னைமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிச் சிறிது சிறிதாக நெகிழ்த்துக. உராய்வே பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். இயந்திரத்தின் பள்ளப்பக்கத்தில் மட்டும் எவரும் நிற்கலாகாது.

துளையிடும் இயந்திரமே மிகவும் வஞ்சகமானது. அடி சிறிது, மோட்டாரும் தலையும் உச்சியில். புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையுங் கோடு அடித்தளத்துக்கு வெளியே போனவுடன் அது கவிழும். மோட்டாரையும் தலையையும் கழற்றித் தனித்தனியே கொண்டுபோவதற்கு அரைநாள் செல்லலாம், செல்லட்டும். எனக்குத் தெரிந்த ஒருவர், கவிழ்ந்த இயந்திரத்தைத் தாங்கப் பாய்ந்து இரண்டு விரல்களை இழந்தார். விழுகின்றதை விழவிட்டு விலகிக்கொள்ளவேண்டுமென்று வேலை தொடங்குமுன்னரே எல்லாருக்கும் உரக்கச் சொல்லிவைப்பது நல்லது. கை தானாகவே நீளும் இயல்புடையது.

சிலகாலம் பயன்படுத்தாது வைப்பதாயின், சீமெந்துத் தரையில் நேரே வையாது மரக்கட்டைகளின்மேல் வைக்க. தரையின் ஈரம் இரும்பிலேறும். தீட்டிய பரப்புகளுக்குக் கிறீஸ் பூசுக. தேங்காயெண்ணெய் இதற்கு ஆகாது. நாட்பட்டாற் காறிப் பிசினாகும். பொலித்தீனால் இறுகச் சுற்றுவதும் தவறு. இரவிற் குளிர்ந்த இரும்பின்மேல் காலையின் ஈரக்காற்றுப் பட்டால் நீர் துளிர்க்கும். அது வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும். காற்றுப் புகும் பருத்தித்துணி போதுமானது. உப்புக்காற்று வீசும் கரையூர்களில் மாதம் ஒருமுறை துணியை நீக்கிப் பார்க்கவேண்டும். அடைகல், தனி மோட்டார் முதலியவற்றை முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட தட்டிலே வைத்தால், குனிந்து தூக்கவோ தலைக்கு மேலிருந்து இறக்கவோ நேராது.