கரியோடு என்ன எரிகிறது? கணக்கைக் கேட்போம், வாருங்கள்!

திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர் வாழ் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே,



அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு வேளாண் கழிவை இறுக்கிச் செய்த சிறு கட்டிகளான பெல்லட்டுகளையும் கலந்து எரிக்க வேண்டும் என்பது மத்திய மின் அமைச்சகத்தின் கொள்கை. 2017-இல் யோசனையாகச் சொன்னார்கள். 2021 அக்டோபரில் கட்டாயமாக்கினார்கள். 2023-இல் திருத்தி, 2024-25 நிதியாண்டு முதல் 5 சதவீதம் என்றார்கள். வடசென்னை அனல்மின் நிலையமும் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகவே இது நம் பிரச்சினை.

கலந்து எரிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வயலிலேயே கொளுத்தும் வைக்கோல் உலைக்குப் போனால் டெல்லிக்காரர்களின் மூச்சுத் திணறல் குறையும். விவசாயிக்கும் நாலு காசு கிடைக்கும். தாவரக் கழிவில் கந்தகமும் மிகக் குறைவு. நல்லதுதான். ஆனால், இதைச் செய்துவிட்டாலே வடசென்னையின் காற்று சுத்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டு நிலக்கரியில் 40 சதவீதம் வரை சாம்பல் இருக்கும். அப்படிப்பட்ட கரியை 1,000 டன் எரித்தால் 400 டன் சாம்பல். அந்த 1,000 டன்னில் 50 டன் கரிக்குப் பதிலாக வைக்கோல் பெல்லட் போடுவதாக வைத்துக்கொள்வோம். வைக்கோலிலும் சுமார் 15 சதவீதம் சாம்பல் உண்டு. அப்போதும் 387 டன்னுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். அதில் வேறு பயனுக்குப் போகாததெல்லாம் சாம்பல் குளத்துக்குத்தான் போயாக வேண்டும். சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. செப்பாக்கம் மக்கள் இன்றும் சாம்பல் குளத்தை ஒட்டித்தான் குடியிருக்கிறார்கள்.

கந்தகப் புகையும் அப்படித்தான்: கரி 5 சதவீதம் குறைந்தால் புகையும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறையும். அதைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். 2015 டிசம்பரில் கந்தகப் புகைக்கு வரம்பு வந்தது. கெடு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளித்துவிட்டார்கள். 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு 2027 டிசம்பர் கெடு. அந்தக் கெடு இன்னொரு முறை தள்ளிப்போகக் கூடாது.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை விரலால் தடவினால் கறுப்பாக ஒட்டுகிறது. வடகம் காயப்போடக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. அதே காற்றைத்தான் நம் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு ராயபுரமே சாட்சி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்ற உயர் நீதிமன்ற உத்தரவு 2011 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தக் கரி எண்ணூர் துறைமுகத்துக்கு இடம் மாறியது. ஒரு தெருவின் தூசியை இன்னொரு தெருவுக்குத் தள்ளிவிடும் தீர்வு இனி நமக்கு வேண்டாம்.

எனவே நாம் கேட்க வேண்டியவை:

1. எந்த நிலையத்தில், எந்த மாதம், எத்தனை டன் பெல்லட் எரிந்தது, அது எதில் செய்தது என்பதை மக்கள் பார்க்கும்படி தமிழில் வெளியிட வேண்டும்.

2. நம் பக்கத்தில் மாட்டுத் தீவனமாகும் வைக்கோலில் கை வைக்கக் கூடாது. கடலை ஓடு, பருத்திமார், கரும்புச் சோகை, சீமைக்கருவேலம் ஆகியவற்றுக்கே முதலிடம் தர வேண்டும்.

3. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெல்லட் நனைந்தால் உதிர்ந்துபோகும். காய்ந்த தூள் தீப்பிடிக்கும். மூடிய கிடங்கும் தொழிலாளர் பாதுகாப்பும் கட்டாயம்.

4. கந்தகக் கருவி, சாம்பல் குழாய்ப் பராமரிப்பு, கரித்தூசித் தடுப்பு ஆகிய எதற்கும் பெல்லட்டைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

இவற்றைக் கேட்கப் பெரிய செலவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். தெருவுக்கு ஒருவர் மனு போடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது நடந்தாலும் குடும்பத்தோடு வந்து, மைக்கைப் பிடித்துப் பேசுங்கள். பேசியது பதிவாகிறதா என்றும் பாருங்கள்.

ஊருக்கே வெளிச்சம் தரும் நமக்கு, இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை எல்லோரையும்விட அதிகம்.

இப்படிக்கு,
திருவொற்றியூர் வட்டாரக் குடியிருப்போர்