சுத்தியல் அடியும் களிமண்ணும்

புதுச்சேரியைச் சுற்றி வயலும் பழைய குளமும் மனையாகிக்கொண்டிருக்கின்றன. வீடு கட்டுகிறவரிடம் "மண் பரிசோதனை செய்தாச்சு" என்று நாலு தாளை நீட்டுகிறார்கள். பெரும்பாலும் அதில் இருப்பது அடி எண்ணிக்கைதான். 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ, குழாய் 30 செ.மீ. இறங்குவதற்கு எத்தனை அடி வாங்கியது என்ற கணக்கு. மணலுக்குச் சரி, மறுக்கவில்லை. களிமண்ணுக்கும் அதையே வைத்து, கட்டடம் இத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று தசமப்புள்ளியோடு எழுதுகிறார்களே, அது கண்துடைப்பு.

களிமண் அமுங்குவது அதற்குள் இருக்கும் தண்ணீர் மெல்ல வெளியேறுவதால். அதற்கு வருஷக்கணக்காகும். களிமண் அடுக்கின் கனம் இரண்டு மடங்கானால் காலம் நாலு மடங்கு. டெர்சாகி நூறு வருஷத்துக்கு முன்பே சொன்ன கணக்கு இது. சுத்தியல் அடியோ கண் இமைக்கும் நேரம். அதற்குள் தண்ணீர் எங்கே போகும்?

கூம்பை விநாடிக்கு 2 செ.மீ. வேகத்தில் அழுத்தி இறக்கும் முறை இதைவிட மேல். பிரெஞ்சில் 'பெனெத்ரோமெத்ர்' என்போம். கூம்புக்கு மண் காட்டும் எதிர்ப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் மண்ணின் விறைப்பு கிடைக்கும் என்றார் சாங்லெரா என்ற பிரெஞ்சுப் பொறியாளர். மென்மையான, பிசுபிசுப்புக் குறைந்த களிமண்ணுக்கு அந்த எண் 3 முதல் 8 வரை. 8 என்று எடுத்தால் 5 செ.மீ. இறங்கும் கட்டடம், 3 என்று எடுத்தால் 13 செ.மீ. இறங்கும்! எந்த எண்ணை எடுத்தார்கள் என்று எழுதிய அறிக்கை, கோப்பு புரட்டியே காலம் தள்ளிய என் கண்ணில் ஒன்றும் பட்டதில்லை.

கூம்பை அப்படியே நிறுத்தி, நீரழுத்தம் பாதியாகக் குறைய எத்தனை நிமிஷம் என்று பார்த்தால் இறங்கும் வேகமாவது தெரியும். ஆனால் முனையில் அழுத்தமானி வேண்டும். கலையாத மண்ணை எடுத்து ஆய்வகத்தில் சுமையேற்றிப் பார்ப்பதே நம்பகமான வழி. ஒவ்வொரு சுமைக்கும் 24 மணி நேரம், ஆக ஒரு வாரத்துக்கு மேல். அந்த வாரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை கூத்தும்.

"இப்படிக் கட்டியதெல்லாம் நிற்கிறதே" என்பார்கள். நிற்கிறது, களிமண் மெலிதாக இருந்த இடத்தில். ஜப்பானில் 1994-இல் திறந்த கான்சாய் விமான நிலையத் தீவு, அத்தனை சோதனைக்குப் பிறகும் கணித்ததைவிட அதிகமாக இறங்கியது. நமக்கு வெறும் சுத்தியல் போதுமாம்!

முன்பணம் கொடுக்குமுன் கன்சாலிடேஷன் டெஸ்ட் பக்கம் எங்கே என்று கேளுங்கள். களிமண்ணே இல்லை என்றால், அதைக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.